மூன்றுக்கு இரண்டு

ஸ்ரான்லி வீதியில் முபாரிஸ் சொன்ன விலை பதினாலாயிரம்.
தொட்டுப் பார்த்தேன். சுறாத்தோல் மாதிரி,
ஆனால் நாறவில்லை.
முதுகில் நீளமாய் ஒரு சிப்,
அதன் நுனியில் இடுப்புவரை தொங்கும் நாடா.
மார்பில் அலைமேல் நிற்கிற ஒரு மனிசன்,
பாதி உதிர்ந்துவிட்டான்.
பக்கத்தில் ஒரு மூன்று, சரிந்த கோடு, ஒரு இரண்டு.
"நெஞ்சுக்கு மூண்டு மில்லிமீற்றர், கைகாலுக்கு ரெண்டு.
குளிர்க்கடலில பலகை ஓடுறவை போடுறது அக்கா.
கொள்கலனில வந்தது. எந்த நாடெண்டு கேக்காதேங்கோ."

குருநகர்க் களப்பில் அலை வந்தால்
யாரோ எஞ்சின் படகில் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.
ஏறி நிற்க ஒன்றுமில்லை.
கூதல் மட்டும் உண்டு.
மார்கழியில் விடிய நாலு மணிக்கு
அட்டைப் பண்ணையில் நெஞ்சளவு தண்ணீரில்
வலை பொத்தும்போது
விரல் ஊசியை விட்டுவிடும்.
விட்டது தெரியாமல் தைத்துக்கொண்டே இருக்கும்.

அலோசியசுக்கென்றுதான் போனோம். சங்குக்கு இறங்குகிறவர்.
கடையின் பின்பக்கம், பழைய பிறிஜ்களுக்கு நடுவே
ஒரு காலை நுழைத்தார். தொடையில் நின்றது.
மற்றக் காலையும் நுழைத்துத் துள்ளினார்.
ஒரு பிறிஜ் கதவு தானாகத் திறந்தது.
முபாரிஸ் கூரையைப் பார்த்தபடி சொன்னான்:
"பொம்பிளையளின்ர அளவு அண்ணை. அதுதான் இவ்வளவு நாளும் கிடக்கு."
அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.
வாங்க ஆளில்லாத சாமானுக்கு
நான் சொல்வதுதான் விலை.
ஒன்பதாயிரத்து ஐந்நூறு.

வீட்டில் கணுக்கால் இரண்டையும் கயிற்றால் இறுக்கி,
வேப்பங்கிளையில் தூக்கி,
கழுத்துவழியே நாலு வாளி கிணற்றுத் தண்ணீர்.
கால்கள் பருத்தன.
தலையில்லாத ஒருத்தி முற்றத்தில் மெல்லச் சுழன்றாள்.
எங்கே ஒழுகுகிறாள் என்று சுற்றிச் சுற்றி வந்தோம்.
இடது முழங்காலில் ஒரு பொட்டு, அவ்வளவுதான்.
வலது முழங்கால் புதிதுபோல் இருந்தது.
பலகையில் எழும்பும்போதெல்லாம்
இடதுகாலைத்தான் ஊன்றியிருக்கிறாள்.
அவளைப்பற்றி எனக்குத் தெரிந்தது அது ஒன்றே.
சைக்கிள் ரியூப்பில் வட்டமாய் வெட்டி,
சொலூசன் பூசி, மேலே அம்மிக்குழவி.

நாலு மணி.
போடவே இருபது நிமிடம்.
(காலில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கும்.
இதை முதல்நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.)
இறங்கினேன்.
கழுத்தால் புகுந்து முதுகெலும்பை எண்ணிக்கொண்டு போனது தண்ணீர்.
போச்சு, ஒன்பதாயிரத்து ஐந்நூறு.

ஆனால் வந்த தண்ணீர் திரும்பிப் போகவில்லை.
நின்றது.
கால்மணி நேரத்தில் என் சூட்டுக்கு வந்துவிட்டது.
குளிரை மறிக்கிற உடுப்பில்லை இது.
உள்ளே வந்துவிட்ட கொஞ்சத்தை
வெளியே விடாமல் வைத்திருக்கிற உடுப்பு.

குறைகளும் சொல்லவேண்டும்.
குனிந்தால் மிதக்கிறது. கால் மேலே வந்து
வலைக்கம்பைக் கட்டிப்பிடித்தேன்.
இடுப்பில் மூன்று கிலோ ஈயம் வேண்டும்.
கழுத்துப்பட்டி அறுக்கிறது,
தேங்காயெண்ணெய் பூசினால் றப்பர் கெட்டுவிடுமாம்.
சிப்பைத் தனியே இழுக்க முடியும்,
கழற்ற இன்னொருவர் வேண்டும்.
அவசரம் வந்தால் என்ன செய்வதென்று திலகமலர் கேட்டாள்.
நான் பதில் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் இன்னும் சூடாக இருந்தது.

ஐந்தரைக்கு ஊசி என் விரலிலேயே இருந்தது.
நாற்பத்திரண்டு கண்ணி பொத்தியிருந்தேன்.
தோள் மடங்கிற இடத்தில் தடையே இல்லை,
நீந்தத் தைத்த தோள்,
நூல் இழுக்கவும் உதவுகிறது.

கரையில் அலோசியஸ்,
பழையபடி இரண்டு பெனியனோடு,
நாடாவைப் பிடித்து இழுத்துவிட்டார்.
பெனடிற்றா உள்ளங்கைகளைத் தேய்த்தபடி வந்தாள்.
"அவனிட்ட இன்னொண்டு கிடக்கோ?"

கிடக்கு. ஆம்பிளையளின்ர அளவு.
விலை கூட.