மூன்றாம் பக்கம்

எங்கள் ஊரில் பரப்பு என்றால் காணி.
ஒன்றரைப் பரப்புக்கு மல்லாகம் கோட்டில்
இருபத்திரண்டு வருஷம் வழக்காடியவர்களைத் தெரியும்.
றூத் ஹல்வோசன் நாற்பது வருஷம்
ஆகக் குறைந்த பரப்பைத் தேடினார்.
கம்பி வளையத்தைச் சவர்க்காரத் தண்ணியில் தோய்த்துத் தூக்கினால்
அதில் பிடிக்கும் படலம்
வேண்டியதற்கு மேல் ஒரு மயிரிழையும் எடுக்காது.
அதற்குக் கணக்கு யார் சொல்லிக் கொடுத்தது
என்பதுதான் அவருடைய முழு உத்தியோகமும்.

மினசோட்டாவில் மீன்பெட்டி அடிக்கிற தச்சனின் மகள்.
பட்டம் எடுத்த பிறகும் ஒன்பது வருஷம்
பொறியியல் பொடியன்களுக்கு வகையீடு படிப்பித்தார்.
கேத்திரகணிதம் ஆம்பிளைகளின் மாடியில் இருந்ததாம்.
முதல் கட்டுரை முப்பத்தெட்டு வயதில்,
எண்பத்தொரு பக்கம்,
மன்னிப்புக் கேட்காத எண்பத்தொரு பக்கம்.

அதன் நகல் எனக்கு வந்தது இருபது வருஷம் பிந்தி,
செஞ்சிலுவைக் கப்பலில், ஒரு டொக்டரின் பெட்டியில்,
பனடோல் அட்டைகளுக்கு நடுவில்.
திருநெல்வேலியில் எங்கள் துறைக்கு அப்போது
கரும்பலகை மூன்று. வெண்கட்டி இல்லை.
இரவில் ஜாம்போத்தல் விளக்கு,
பஞ்சில் ஊறிய கொஞ்ச மண்ணெண்ணெய்.
ஒரு பக்கம் வாசிக்க ஒரு கிழமை.

நாற்பத்தேழாம் பக்கத்தில் நெருடியது.
விளிம்பு எங்கும் வழுவழுப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார்.
ஒரு மூலை இருந்தால்?
கம்பி ஓரிடத்தில் முறிந்து திரும்பினால்?
செய்து பார்ப்போமென்றால் சவர்க்காரம் தடை.
ஊரே பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த காலம்.
நானும் பனங்களியைக் கரைத்து
சைக்கிள் கம்பியை மடக்கி அமிழ்த்தித் தூக்கினேன்.
மஞ்சளாய் ஒரு படலம், நாரோடு.
ஒன்று எண்ணி இரண்டு எண்ணமுன் போய்விட்டது.
போனாலென்ன, கண்டுவிட்டேன்:
மூலைக்குக் கிட்ட அது அவர் சொன்னபடி வளையவில்லை.

எழுதினேன். கொப்பித் தாளில் பதினொரு பக்கம்.
கப்பலோடு போயிற்று.
பிறகு நாங்களும் போனோம், மழையில், நாவற்குழிப் பாலத்தால்;
கொடிகாமத்தில் ஆறு மாதம்; திரும்பினோம்.
வீட்டில் கதவுகள் இல்லை.
என் காகிதங்கள் இருந்தன,
ஒருவருக்கும் தேவைப்படாததால்.

மறுமொழி வர மூன்று வருஷம்.
வெட்டி ஒட்டிய உறை.
தபால் கந்தோரிலிருந்து வரும் வழியில், தட்டாதெருச் சந்தியில்,
துவக்கோடு நின்ற பொடியன் தாள்களை விரித்தான்.
வளைவுகள், அம்புக்குறிகள், பெயரிட்ட புள்ளிகள்.
"இது எந்த இடம்?"
எந்த இடமும் இல்லை என்றேன் என் அரைச் சிங்களத்தில்.
அது அவனுக்குப் பிடிக்கவில்லை.
"சபன்," என்றேன். "சபன் புபுளு."
என்னைப் பார்த்தான். வெயிலைப் பார்த்தான்.
போ என்றான்.

வீட்டுக்கு வந்து எண்ணினால் ஒன்று, இரண்டு, நாலு.
இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி:
"உங்கள் மூலை சரி, என் தேற்றம் பிழை,
ஆனால் காப்பாற்றலாம்."
நாலாம் பக்கத்தின் முதல் வரி:
"ஆகவே படலம் உண்டு."
வாயில் வந்ததெல்லாம் சொல்லி அவனைத் திட்டினேன்.
அதில் பீடி சுற்றியிருப்பான் என்றேன்.
ஆகவேக்கு முன்னால் என்ன இருந்தது என்று
ஒன்றரை வருஷம் தேடினேன்,
ஊரடங்கிலும், விடைத்தாள் திருத்துகிற இடைவெளியிலும்.
கடைசியில் அகப்பட்டது. ஆறே வரி.

சமாதான காலத்தில் மின்னஞ்சல் வந்தது.
முதல் வேலையாக அவருக்கு அனுப்பினேன்:
உங்கள் மூன்றாம் பக்கம் இதுதானா?
இரண்டு நாளில் பதில்.
"மூன்றாம் பக்கம் என்று ஒன்றில்லை.
எனக்கு எண்ண வராது,
அதனால்தான் கேத்திரகணிதத்துக்கு வந்தேன்.
ஆகவே என்று எழுதியது வெறும் நம்பிக்கையில்.
இந்த ஆறு வரி என்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை."

போன மார்கழியில் இறந்தார். எண்பத்தொன்பது.
இரங்கல் குறிப்பில் பரிசுகள், மாணவர்கள், ஏரியில் ஒரு படகு.
அவருடைய கடைசிப் புத்தகத்தில், ஓர் அடிக்குறிப்பில்,
யாழ்ப்பாணத்து ப. திலகேஸ்வரிக்கு நன்றி.
என் பெயரில் ஓர் எழுத்துக் குறைகிறது.
எண்ண வராதவர்தானே.

தட்டாதெருச் சந்தியில் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை.
அந்தப் பொடியனுக்கும் ஐம்பது கிட்டியிருக்கும்,
உயிரோடு இருந்தால்.
மற்றவை அப்படியே இருக்கட்டும்.
அந்த ஒரு தாளை அவன் எடுக்கவில்லை.
அதை மட்டும் திருத்தி எழுதுகிறேன்.