ஒழுகிய வீட்டின் முகவரி

முதலாமவன் வண்டியை விட்டு இறங்கவேயில்லை;
கண்ணாடியை இறக்கிக் கூரையை ஒரு பார்வை,
"நாப்பதாயிரம் ரேண்ட். பாதி இப்பவே."

இரண்டாமவன் பட்டியலில் பன்னிரண்டு வீடுகள்.
ஒன்றிலும் ஒரு சொட்டு விழுந்ததில்லையாம்.
டர்பன் மழையை அறிந்தவள் நான்.

லோகன் படையாச்சி ஏணியோடு வந்தார்.
ஒரு மணி நேரம் மேலே நடந்தார்;
உள்ளேயிருந்து அவர் காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
குளியலறைக்கு மேல் மட்டும்
நின்று, நின்று, போனது.
இறங்கிக் கை கழுவி
ஒரே ஒரு முகவரி எழுதிக் கொடுத்தார்:
"இங்க போய்க் கேளுங்க. இது ஒழுகிச்சு."

சனிக்கிழமை, மழையிலேயே போனேன்
சாட்ஸ்வொர்த்தின் பேவியூ மேட்டுக்கு.
கதவைத் திறந்த செட்டி அம்மாள்
என் குடையை வாங்கி உதறினாள்.

"ஆமா, ஒழுகிச்சு. ஏப்ரல் வெள்ளத்துல.
போன் போட்டேன்,
ராத்திரியே தார்ப்பாயோட வந்தான்.
ஆணி ஒண்ணு தப்பா அடிச்சிட்டேன்னான்.
காசா? கேக்கவே இல்ல."

பேச்சின் நடுவே என் கண் மேலே போனது.
சீலிங்கில் ஒரு பழுப்பு வட்டம்,
பழையது, காய்ந்தது,
அதற்குமேல் விரியாதது.

"பெயின்ட் அடிக்கலையா?" என்றேன்.

"அது இருக்கட்டும்," என்றாள்.