நாலு அங்குலம்

மேட்டுப்பாளையத்தில் வாங்கினால் எழுநூறு மிச்சம் என்று
கேரட் இறக்கிவிட்டு மலையேறிய வேனில்
வைக்கோல் சுற்றி வந்தது வெள்ளைக் கோப்பை.
கோத்தகிரி ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு
அறுபத்திரண்டு படி இறக்கம்.
இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்,
ஆஸ்பத்திரியிலிருந்து யாரையோ
நாற்காலியோடு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல
மஞ்சுக்குள் கால் துழாவி.

புளோராவின் முழங்கால்தான் காரணம்.
ஜூன் மாதத்திலிருந்து
குந்தி எழுவதற்குத் தண்ணீர்க் குழாயைப் பிடித்தாள்.
அக்டோபரில் அது சுவரைவிட்டுக் கையோடு வந்துவிட்டது.

யோகராசா பழைய பேசினை உடைத்தார்.
ஒரு முழம் தோண்டினால்
தவிட்டு நிறத்தில் வழவழத்த மண்குழாய்.
"வெள்ளைக்காரன் சரக்கு" என்றார்.
எதைத் தோண்டினாலும் அப்படித்தான் சொல்வார்.
டேப்பை இழுத்தார்:
சுவரிலிருந்து துளை பதினாலு அங்குலம்,
கோப்பை கேட்பது ஒன்பது.
"அப்படியே வச்சா பின்னாடி பூனை படுக்கலாம்.
திருப்பி வைக்கணும்னா
குழாய் எங்க போவுதுன்னு தெரியணும்."

தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.
பேரிக்காய் மரத்தடியில் தொட்டி என்று
வீட்டை விற்றவர் சொன்னார்.
மரம் அப்படிக் காய்த்ததால் நம்பினேன்.

கம்பி விட்டுப் பார்த்தார்.
மரத்துப் பக்கமே போகவில்லை அது.
பீட்ரூட் பாத்திக்குக் கீழாக இறங்கி
நான் கட்டிய சுவருக்கு அடியில் நுழைந்து
போஜன் வீட்டுக்குள் போனது.

அந்தச் சுவர்.
ஒன்றரை அடி நிலத்துக்காக
சர்வேயர் மூன்று முறை வந்து
மூன்று கணக்குச் சொன்ன சுவர்.
பதினோரு வருஷமாக நானும் போஜனும்
ஒரே பஸ்ஸில் ஏறி
வேறு வேறு ஜன்னலைப் பார்த்தோம்.
அவர் மகள் கல்யாணப் பத்திரிகை
எங்கள் படியோடு இறங்கி, எங்கள் கதவைத் தாண்டிப் போனது.

பதினோரு வருஷமும்
தினம் காலை ஐந்தரைக்கு
நான் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

புளோரா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சொல்லிவிட்டு வர யோகராசாதான் போனார்.
"அவருக்குத் தெரியுமாம்.
வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி
மூடியத் தொறந்து வேர் வெட்டி விடுறாராம்."
மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.
கரண்டியை எடுத்துக் கொடுத்தேன்.
சணலைப் பிரித்துக் கொடுத்தேன்.

புதுக் குழாய் பழசின் வாய்க்குள் போகவில்லை.
அதன் கழுத்துப்பட்டையில் உட்கார்த்தி
சுற்றிலும் சணல் திணித்துச் சிமெண்டு அடைத்தார்.
ரசமட்டத்தின் குமிழி எங்கள் பக்கமாக ஒதுங்கி நின்றது.
அது சரிதானாம்.

ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் சாயங்காலம் சோதனை.
வாளித் தண்ணீரில்
சட்டைக்குப் போடும் நீலம் கால் பாட்டில்.
ஊற்றினேன்.
கோப்பை ஒரு மிடறு விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது.
கீழே மஞ்சு, ஒன்றும் தெரியவில்லை.
யார் வீட்டிலோ குக்கர் விசில்.
இரும்பு மூடி கல்லில் உரசும் சத்தம்.
அப்புறம், பதினோரு வருஷம் கழித்து, அந்தக் குரல்:

"வந்துருச்சு!"

"சரி" என்றேன்.
கேட்டிருக்காது.

அடியில் வெள்ளைச் சிமெண்டு பூசி
நாளைக் காலைவரை யாரும் உட்காரக்கூடாது என்று
சொல்லிவிட்டுப் போனார் யோகராசா.
எட்டு மணிவரை வயிற்றோடு பேரம் பேசினேன்.
பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு
சுவரைச் சுற்றி இறங்கினேன்.

போஜன் கதவைத் திறந்தார்.
ஒன்றும் கேட்காமல் பின்கட்டைக் காட்டினார்.
வாளியில் வெந்நீர், ஏற்கெனவே.

உட்கார்ந்திருக்கையில்
காலுக்கடியில் ஏதோ ஓடியது,
சலசலவென்று, அவசரமில்லாமல்.
மேலே புளோரா பாத்ரூம் தரையைக் கழுவிவிட்டிருப்பாள்.
இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.

போன மார்ச்சில்
எனக்கு மூன்று நாள் வயிறு சரியில்லை.
அதுவும் தெரிந்திருக்கும் இவர்களுக்கு.