வெட்டுக்கு முன்னும் பின்னும்

கோயாஸ் செம்மண்ணில் ஆகஸ்ட் மாதம்.
மழை விடைபெற்று நூற்றுப் பன்னிரண்டு நாள்.
சுற்றியுள்ள மேய்ச்சல் நிலமெல்லாம் பழைய சாக்கு நிறத்தில் கிடக்க
ஜுராசியின் வேலிக்குள் மட்டும்
வாழையிலைகள் கிழிந்து சலசலத்தன.

பதினோரு வருடம் சோயாப் பண்ணையில்
மருந்தடிக்கும் வண்டி ஓட்டியவன் நான்.
ஏசி அறைக்குள் உட்கார்ந்தபடி
இருபத்தெட்டு மீட்டர் அகலத்துக்கு இரும்புக் கை விரித்தவன்.
மண்ணில் கால் வைக்க அவசியமே இருந்ததில்லை.
சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.
வெட்டுக்கத்தியின் பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினாள்.

வாழைத்தண்டை நீளவாக்கில் பிளந்து
பிளந்த முகம் மண்ணைப் பார்க்கக் கவிழ்க்க வேண்டுமாம்.
நான் வானம் பார்க்க வைத்தேன்.
"தண்ணீர்ப் பானையை வெயிலுக்கா திறந்து வைப்பாய்?"
வரிசையின் அந்தக் கோடியிலிருந்து லிண்டோமார் கத்தினான்.

ஒரே குழியில் ஒரே நாளில்
மக்காச்சோளம், பப்பாளி, காப்பி,
ஒரு கைப்பிடி ஜட்டோபா விதை.
இவ்வளவு நெருக்கமாகவா என்றேன்.
"பஸ்ஸில் எல்லோரும் சேர்ந்துதான் ஏறுகிறோம்.
சோளம் நாலு மாதத்தில் இறங்கிக்கொள்ளும்.
ஜட்டோபா போய்ச்சேரும் ஊரில்
உன்னையும் என்னையும் யாருக்கும் தெரியாது."

அவர்கள் இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகவில்லை.
முதல் மழைக்கு முன்பே கழித்துவிட வேண்டும் என்பாள் அவள்.
மண் நனையட்டும், அப்புறம் கத்தியை எடு என்பான் அவன்.
நோட்டில் இரண்டையும் எழுதி
நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
பீன்ஸும் மரவள்ளி மாவும் தின்ற கையோடு
நோட்டை வாங்கிப் பார்த்தாள் ஜுராசி. மாவு ஒட்டியது.
"இந்தக் குறியை மட்டும் கொண்டுபோய் நடு.
மற்றதெல்லாம் எங்கள் நிலத்துக் கதை."

அவள் கையிலும் செடிகள் செத்திருக்கின்றன.
நிழலை அளவுக்கு மீறிக் கழித்த ஒரு வருடம்
அறுபது காப்பிக் கன்று கருகிப்போன வரிசை அது.
இப்போது ஆரஞ்சு நிற்கிறது அங்கே.
அதற்கு 'லிண்டோமார்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.
ஏனென்று இருவருமே சொல்லவில்லை.

*

என் கால் ஹெக்டேரில் இரண்டாம் வருடத்து வறட்சி.
துவரை ஆளுயரத்துக்கு மேலே பூத்து
மஞ்சளாய் நின்றது; தேனீக்கள் காலையிலேயே வேலைக்கு வந்துவிடும்.
பக்கத்தில் எலுமிச்சை வெளுத்தது.
காப்பி ஒரு விரல்கூட நகரவில்லை.
சாம்பல் போட்டேன். குடத்தில் சுமந்து ஊற்றினேன்.
ஓர் இரவு
கொட்டகை மூலையில் இருந்த பழைய டப்பாவின் மூடியைத் தொட்டேன்.
திறக்கவில்லை. ஆனால் தொட்டேன்.

ஜுராசி மோட்டார் சைக்கிளில் வந்தாள்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே வரிசை நெடுக நடந்தாள்.
"துவரைக்குக் கிளம்பும் நேரம். வாசலில் நின்று
பேச்சை இழுத்துக்கொண்டிருக்கிறது.
விருந்தாளி போகாமல் வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள்?
வெட்டு."
பூ இருக்கிறதே என்றேன்.
வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

முழங்கால் உயரத்தில் வெட்டினேன், ஒவ்வொன்றாக.
கிளைகளைக் கையளவாய் நறுக்கிக் காப்பியின் காலடியில் கிடத்தினேன்.
தேனீக்களுக்குச் சேதி எட்டவில்லை.
பூ இருந்த உயரத்திலேயே
வெறும் காற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன
இருட்டும்வரை.
நான் கைகழுவாமல் படியில் உட்கார்ந்திருந்தேன்.

பதினெட்டாம் நாள்.
ஒரு சொட்டு மழையில்லை.
மூடாக்கை விலக்கினால் விரல் நுனிக்கு ஈரம்.
எலுமிச்சையில் ஊதா கலந்த ஒரு துளிர்,
என் சுண்டுவிரல் நகம் அளவு.

ஜுராசிக்கு போன் அடித்தேன்.
எடுத்தது லிண்டோமார்.
காலை ஐந்தரை மணி; நான் எதுவும் கேட்கவில்லை.
துளிரைச் சொன்னேன்.
"மழை வந்ததா அங்கே?"
இல்லை.
நெடுநேரம் சேவல் கூவுவது மட்டும் கேட்டது.
பிறகு குரலைத் தாழ்த்தி
"அவளிடம் சொல்லாதே," என்றான்.