குட்டிச் செருப்பு ராசா

சனிக்கிழமை ஆறரை மணிக்கு
என் இடது கை ரோமாபுரியை ஆளும்.
சமாதானபுரத்தில் ஜெராக்ஸ் கடை மாடி,
ஏசி ஓடாத அறை.
பச்சைத் துணிக்குப் பின்னால் முட்டி போட்டு நான்.
தோளோடு தோள் இடித்துச் சேர்மக்கனி அண்ணன்.
அவர் குதிரை.

கலிகுலா என்றால் குட்டிச் செருப்பு என்று
நூலகப் புத்தகத்தில் வாசித்தேன்.
அதனால் அவனைச் சாக்ஸில் செய்தேன்.
என் மகளுடையது, ஜோடியைத் தொலைத்த ஒற்றை.
கண்ணுக்குச் சட்டைப் பொத்தான்,
கிரீடத்துக்கு அல்வா டப்பாவின் தங்கத் தாள்.
நெய்க்கறை போகவில்லை.
பேரரசர் வந்தாலே எறும்பும் வரும்.

குதிரையின் பெயர் இன்சிட்டாட்டஸ்.
பிள்ளைகள் வாயில் இரண்டே வாரத்தில்
இஞ்சித்தட்டை ஆயிற்று.
இஞ்சித்தட்டைக்கு ராசா பதவி கொடுத்த அன்று
முந்நூறு போன்.
ஒன்று மட்டும் பிள்ளை இல்லை,
வார்டு கவுன்சிலர்.
"குதிரன்னு என்னையவா சொல்லுதிய?"
இல்லை ஐயா, இது ரெண்டாயிரம் வருசத்துக் குதிரை.
"எங்க அப்பா ஜட்கா வச்சிருந்தது தெரிஞ்சுதான பண்ணுதிய?"
முதலாளி பயந்து
குதிரையைக் கழுதையாக்கச் சொன்னார்.
அடுத்த வாரம்
அதே வார்டில் தோற்றவர் போன் பண்ணினார்.

மிச்சத்தை நான் திரையில் சொல்வதில்லை.
ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே கழுத்து
இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டானாம்,
வெட்ட வசதியாக.
அந்த வரியை அடித்துவிட்டு
ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே ஐஸ்கிரீமா
என்று எழுதினேன். சிரித்தார்கள்.
பார்க்கப்போனால் அவனுக்குத்தான் கழுத்தே கிடையாது.
என் மணிக்கட்டு.
கஞ்சி வடிக்கையில் பட்ட தழும்பு
தாடைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது.

பதினாலாம் வாரம் கடலோடு போர்.
படையை அலைக்கு நேரே நிறுத்திச்
சிப்பி பொறுக்கச் சொன்னானாம்,
கடலிடம் பிடுங்கிய கொள்ளை என்று.
உவரியிலிருந்து ஒரு மஞ்சப்பை நிறைய வாங்கி வந்து
மேசையில் கொட்டினோம்.
"ஏலே கடலே, கைய தூக்குலே!"
கழுதை கனைத்தது.

லைனில் ஒரு பிள்ளை.
பேரு? ஜெனோவா.
ஊரு? கூட்டப்புளி.
எத்தனாம் வகுப்பு? மூணு.
"ராசா, நெசமாவே ஜெயிச்சிட்டியளா?"
ஆமா மகளே, ஆமா!
"அப்பம் வலைய திருப்பிக் கேளுங்க.
எங்க சித்தப்பா வல.
பச்ச கலரு.
ஓரத்துல செவப்புக் கயிறு கெட்டியிருக்கும்.
இன்னும் தவண முடியல."

வாய் திறந்தபடியே நின்றது சாக்ஸ்.
நான்கு விரல் மேலே, கட்டை விரல் கீழே,
நடுவில் ஒன்றும் இல்லை.
பதினோரு நொடி என்று
எடிட்டிங் பையன் பிறகு சொன்னான்.

கழுதைதான் பேசியது.
அதுவரை கனைக்க மட்டுமே அதற்குச் சம்பளம்.
"எந்த ஓரம் மக்கா? எடது பக்கமா, வலது பக்கமா?"
பிள்ளை யோசித்தது.
"ரெண்டு பக்கமும்."
"எழுதிக்கிட்டேன்."
கழுதைக்குக் கை ஏது என்று
அவள் கேட்கவில்லை.
பிறகு நகைக்கடை விளம்பரம்.

விளக்கை அணைத்ததும் பார்த்தேன்,
வசனத் தாளின் பின்பக்கம்
சேர்மக்கனி அண்ணன் மெய்யாகவே எழுதியிருந்தார்.
பச்சை. சிவப்பு. ரெண்டு பக்கமும்.
எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

புத்தகப்படி அடுத்த வாரம்
காவலர்களே அவனைக் குத்திக் கொல்ல வேண்டும்.
நான் அவனை உவரிக்கு அனுப்பினேன்,
அதே மஞ்சப்பையோடு,
எண்ணிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி.
வாசல்வரை கூட வந்த கழுதை சொன்னது:
"வெறுங்கையோட வராதேயும்.
கடல்கிட்ட ரசீது வாங்கிட்டு வாரும்."