காலிப் பெட்டி

எண்ணூர் நெடுஞ்சாலையில்
அண்ணன் தேசிங்கின் டிரெய்லர்
நேற்று மாலையிலிருந்து அதே இடத்தில் நிற்கிறது.
"இன்னா லோடு?" என்கிறேன் போனில்.
"எம்டி" என்கிறான்.
காலிப் பெட்டிக்கும் அதே வரிசை, அதே கேட்,
பூட்டின்மேல் அதே டார்ச் வெளிச்சம்.
"உள்ள ஒண்ணுமில்லன்னா வுட்ருவானா?
தொறந்து பாத்துட்டுதான் எழுதுவான்."

தண்டையார்பேட்டையில், இரண்டாம் மாடியில்,
நான் செய்வதும் எம்டிதான் அண்ணா.
ஐம்பது நானோமீட்டருக்குள் அடங்கும் பெட்டி.
டெங்குவின் சட்டை, டெங்குவின் பொத்தான்,
சட்டைக்குள் ஆள் இல்லை.
பெருகு என்று சொல்லும் எழுத்து
ஒன்றுகூட உள்ளே இல்லை.
இரண்டே புரதம் செய்யச் சொல்லி
செல்லுக்குச் சீட்டு அனுப்பினோம்.
பசை தடவவில்லை யாரும்;
தாமே கைகோத்து உருண்டையாயின.
எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் சாம்பல் திரையில்
யாரோ ரவை சிந்திவிட்டுப் போனதுபோல
முதல்முறை பார்த்த அன்று
டீ ஆறிப்போனது.

பதினேழாம் எலியின் ரத்தம்
பெட்டியைத் தட்டிப் பார்த்தது.
காலிதான்.
ஆனாலும் முகத்தைக் குறித்துவைத்துக்கொண்டது.

டெங்கு ஒன்றல்ல, நான்கு பேர்.
நாலு பேருக்கும் ஒரே குடும்பச் சாயல்.
ஒருவனை மட்டும் பழகிய காவல்காரன்
இன்னொருவனைப் பார்த்து,
நம்மாளு மாதிரி இருக்கானே என்று
தானே கேட்டைத் திறந்துவிடுவதும் உண்டு.
அதனால்தான் ரெஹானா மேடம்
நல்ல ரிசல்ட் வந்தாலும் சிரிப்பதில்லை.
"நாலையும் காட்டு" என்பார்,
கண்ணாடியைத் துடைத்தபடி.

கொருக்குப்பேட்டையில் எங்கள் சந்து.
ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி.
வாசலுக்கு வாசல் நீல டிரம்.
கார்ப்பரேஷன் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு
சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுப் போவார்.
மழை அந்தத் தேதியை அழித்துவிட்டது.

எதிர்வீட்டு மோனிஷுக்கு
ஸ்டான்லியில் இது நான்காம் நாள்.
பிளேட்லெட் முப்பத்திரண்டாயிரம்.
துணி எடுக்க வந்த தேவகிருபை
படிக்கட்டில் என் கையைப் பிடித்தாள்.
"டெங்குக்கு ஊசி செய்றியாமே.
ஒண்ணே ஒண்ணு எட்த்தாந்து போடேன்."

வந்தபின் போடுவதில்லை அது, வருமுன்.
அதுவும் இப்போதைக்கு எலிக்கு.
எலி தாண்டினால் குரங்கு.
குரங்கு தாண்டினால்
ஆரோக்கியமான பெரியவர்கள் முப்பது பேர்.
வரிசை ரொம்ப நீளம், கிருபை.
இதில் பாதிகூட நான் சொல்லவில்லை.

"அதுக்குள்ள அப்டி இன்னாதான் இருக்குது?"

காலி என்று வாய்வரை வந்தது.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு
ஆள் போய்விட்டான் என்று அர்த்தம்.
விழுங்கிக்கொண்டேன்.
"மூஞ்சி மட்டும் இருக்குது" என்றேன்.
எதையோ ஒளிக்கிறேன் என்று நினைத்தாள்.
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

விடிய நாலரைக்கு அண்ணன்.
"நகந்துச்சி. மூணு வண்டி."
ஆறு மணிக்குக் கிருபை.
"நாப்பத்தொண்ணு ஆயிருக்குதாம், நல்லதுதானே?"
நல்லதுதான் என்றேன்.

பல் துலக்கப் போனபோது பார்த்தேன்,
அண்ணன் கழற்றிப் போட்ட பழைய டயர்
மாடிப்படிக்கு அடியில்.
உள்ளே மழைத்தண்ணீர்.
தண்ணீரில் கமா கமாவாய் நெளிவது.
கவிழ்த்தேன்.
எல்லாம் கொட்டியபிறகும்
டயரின் உள்மடிப்பில்
ஒரு கை அளவு தங்கிவிட்டது.
கவிழ்த்தால் போகாத தண்ணீர் அது.
கையை விட்டு வழித்துக்கொண்டிருந்தேன்,
முதல் பஸ் போய்விட்டது.