வால் இல்லாத புள்ளி

இறைச்சிக் கூடத்தின் குளிர் இன்னும் விரல்நுனியில்.
பேனாவைப் பிடிக்க ஜுசாராவுக்குச் சற்று நேரமாகிறது.

நான்கு, ஒரு காற்புள்ளி, ஐந்து என்று எழுதுகிறாள்.
யூரி வாலை மட்டும் அழிக்கிறான்.
"இங்கே புள்ளிக்கு வால் கிடையாதும்மா.
ஹேன்ரஹன் டீச்சர் சிவப்பில் சுழிப்பாங்க."

கொயாஸில் அவள் படித்த பள்ளியில்
எண்கள் வாலோடுதான் திரிந்தன.
புள்ளி, ஆயிரத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு.

வெளியே கால்வே மழை.
அடுத்த கேள்வி: 0.4 பெரிதா, 0.35 பெரிதா?
"முப்பத்தஞ்சு" என்கிறான்.
நாலெங்கே, முப்பத்தஞ்செங்கே!

பத்தில் ஒன்று, நூறில் ஒன்று...
போர்ச்சுகீசியத்தில் தொடங்கி
பாதியில் நிற்கிறாள்.

கண்ணை மூடினால்
நாள் முழுக்க எதிரே இருந்த தராசு.
0.350 என்றால் தட்டு போதாது,
பெல்ட் நிற்கும், சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பார்.
0.400, போகலாம்.
ஆறு வருடமாக அந்தப் புள்ளியைத்தான் பார்க்கிறாள்,
அது புள்ளி என்று நினைக்காமல்.

"நானூறு கிராம் கறி, முந்நூற்றைம்பது கிராம் கறி.
உனக்கு எது வேணும்?"

அவன் அடுப்பைப் பார்க்கிறான்.
கறுப்பு பீன்ஸ் மட்டும் கொதிக்கிறது.
"நானூறு."
பிறகு, கோபமாக:
"அப்போ அந்த சைபரை ஏன் எழுதாம விட்டாங்க?"

அவளுக்குத் தெரியவில்லை.
அவனே நாலுக்குப் பக்கத்தில்
இரண்டு சைபர் போட்டுக்கொள்கிறான்.
ஒன்று குண்டு, ஒன்று சாய்ந்தது.

குளிர்பெட்டிக் கதவில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு:
உருளை 2,5 கிலோ.
தண்ணீர் எடுக்கப் போனவன் ரப்பரோடு நின்று பார்த்தான்.
அதை அப்படியே விட்டுவிட்டான்.